கன்சோல் வேகம்: முப்பத்தெட்டாயிரத்து நானூறு

1

ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடம் நிறைந்த வாரத்தில் குடியுரிமைக்கு மனுப் போட்டேன். வாழ்த்தெல்லாம் வேண்டாம். இங்கே மனுப் போடுவது என்றால், பிறந்ததிலிருந்து இதுவரை மூச்சு விட்டதற்கெல்லாம் காகிதம் காட்டுவது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கோப்பை ஈ விழுந்த சாம்பாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பழைய வேலைச் சான்றிதழ்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனில் வாங்கி வாருங்கள் என்றார். அவசரத்தில் நான் அவரை ‘நீங்கள்’ என்பதற்குப் பதில் ‘நீ’ என்று சொல்லிவிட்டேன். ஏழு வருடமாகியும் பதறினால் என் நாக்கு அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததாக எனக்கு நினைவில்லையே என்றார். பின்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு துருக்கிக்காரர் எனக்காக வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பு பத்து நாளில் தபாலில் வந்தது. அதை என் மகள் ஆதிரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய தமிழ் சோறு, குழம்பு, போதும், வேண்டாம் என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எல்லாம் ஜெர்மன்தான். ஆம்பூர்த் தொழிற்சாலை எனக்குக் கொடுத்த சான்றிதழில் ஒரு வரி இருக்கிறது. ஆபரேட்டரின் கவனக்குறைவால் செயலிழந்த கணினியை இவர் தனி ஒருவராக மூன்று நாளில் மீட்டுக்கொடுத்தார் என்று. அந்த வரி எனக்குப் பெங்களூரில் வேலை வாங்கிக் கொடுத்தது. பெங்களூர் வேலை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

ஆதிரை அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, அந்த ஆபரேட்டர் யார், அவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு நன்றாகத் தெரியும்.

2

அந்தத் தொழிற்சாலையில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. காட்பாடியில் இன்ஜினியரிங் முடித்தவன், யுனிக்ஸ் என்ற இயங்குதளம் தெரிந்தவன் என்று தலையில் இரண்டு கொம்பு முளைத்திருந்தது. பதனிட்ட தோல் உள்ளே வருவது, தரம் பிரிப்பது, வெட்டுவது, ஷூவாகிப் பெட்டியில் ஏறுவது வரைக்கும் எல்லா விவரமும் ஒரே கணினியில் இருந்தது. கட்டிங் ஹால், ஃபினிஷிங், ஸ்டோர், ஏற்றுமதி அலுவலகம் என்று எட்டு இடங்களில் பச்சை எழுத்து டெர்மினல்கள், திரையும் விசைப்பலகையும் மட்டும். ஒன்பதாவது டெர்மினல் கணினி அறையிலேயே இருந்தது. அதற்குத்தான் கன்சோல் என்று பெயர். கணினியைப் போட்டதும் கர்னல், அதாவது இயங்குதளத்தின் அடிப்படை நிரல், தான் கண்டதையெல்லாம் அந்தத் திரையில்தான் சொல்லும். நினைவகம் இவ்வளவு, டிஸ்க் இத்தனை, இந்த கார்டு இருக்கிறது, அந்த கார்டைக் காணோம் என்று வரி வரியாக ஓடும்.

அந்த அறைக்கு ஆபரேட்டர் அற்புதராஜ். நாற்பது வயது. அதற்கு முன்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மாதனூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். நான் அவரை அற்புதண்ணே என்று கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

காலையில் அவர்தான் முதல் ஆள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கணினிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணுவார். பிறகு சுவிட்சைப் போடுவார். திரையில் ஓடும் வரிகளை ஒரு நீள நோட்டில் எழுதுவார். அச்சடித்தது போன்ற கையெழுத்து. பக்கத்தில் மணி போட்டு, கீழே பெயர் எழுதி ஒப்பமிடுவார். யாரும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை. நான் வருவதற்கு நாலு வருடம் முன்பே அவராக ஆரம்பித்த வழக்கம் அது. எதுக்கு இந்த வெட்டி வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

“அது தெனமும் பேசுதில்ல தம்பி. பேசுறத யாராவது எழுதி வெக்கணும்” என்றார்.

நான் கேன்டீனில் எல்லோருக்கும் நடுவில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மிஷின் இருமினால்கூட அண்ணன் மணி போட்டு எழுதுவார் என்றேன். கட்டிங் ஹால் ஆட்கள் டீ கொட்டும்வரை சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என் டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

3

இனி கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு எண்தான்.

கன்சோலுக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு கேபிள். அதில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எவ்வளவு வேகத்தில் என்பதை இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக வைத்திருக்க வேண்டும். அங்கே அது ஒன்பதாயிரத்து அறுநூறாக இருந்தது. ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் மாற்றாவிட்டால் திரையில் கோணல் எழுத்தும் கட்டமும் சிதறி விழும். கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உள்ளே அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். திரைக்கு முன்னால் இருப்பவனுக்குத்தான் பைத்தியம் பிடித்தது போலத் தெரியும்.

எட்டு டெர்மினலையும் இணைத்த கார்டு மட்டமான சரக்கு. எழுத்துகள் நிரம்பி வழிந்தால் கர்னல் கன்சோலில் புகார் எழுதும். கர்னல் கன்சோலில் பேசும்போது, அந்த வரி முடிகிறவரை மற்ற வேலையெல்லாம் நிற்கும். அதனால் கட்டிங் ஹாலில் டைப் அடித்த எழுத்து திரைக்கு வரவே நேரமாகும். பேஜாரா இருக்கு சார் என்று தினமும் ஒருவர் வந்து நிற்பார். கார்டை மாற்றுவதுதான் வழி. அதற்கு நிர்வாகம் மசியவில்லை. நான் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். புகாரை நிறுத்த முடியாது, சீக்கிரம் சொல்லி முடிக்க வைக்கலாமே. கர்னலின் அமைப்புக் கோப்பில் கன்சோல் வேகம் என்று ஒரே ஒரு வரி. ஒன்பதாயிரத்து அறுநூறை அழித்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு என்று போட்டேன். கர்னலைப் புதிதாகக் கட்டி எடுக்க அந்த மிஷினுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அற்புதண்ணன் வேலூரில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

டெர்மினலிலும் அதே எண்ணை வைத்தேன். வைத்த எண்ணை அதன் நினைவில் நிரந்தரமாகச் சேமிக்கத் தனியாக ஒரு விசை உண்டு. அதை நான் அழுத்தவில்லை. மறந்தேனா என்று கேட்டால், இல்லை. அன்று கேன்டீனில் பிரியாணி. மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனேன். கணினியை மாலையில் அணைப்பார்களே தவிர டெர்மினலை யாரும் அணைப்பதில்லை, வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிட்டுப் போவார்கள். ஆக மின்சாரம் அடியோடு போகாதவரை அந்த எண் அதில் இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கர்னலை எழுப்பிவிட ஒரு குட்டி நிரல் இருக்கிறது. அது கர்னலுக்கு முன்னால் நாலு வரி பேசும், தன்னுடைய பழைய வேகத்திலேயே. அதை நான் மாற்றவில்லை. எனவே திங்கட்கிழமை காலை முதல் நாலு வரி குப்பையாக வந்து, பிறகு திரை தெளிந்தது. அற்புதண்ணன் நோட்டும் கையுமாக என்னைத் தேடி வந்து, மேல நாலு வரி படிக்க முடியல தம்பி, இன்னா ஆச்சு என்று கேட்டார்.

அப்போது ஒரு நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும். அண்ணே, வேகத்தை மாத்தியிருக்கேன், கரன்ட் போய் வந்தா முழுக்கக் குப்பையா வரும், கை வெக்காம என்னைக் கூப்பிடுங்க என்று மூன்றே வாக்கியம். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

“அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுண்ணே. விடுங்க.”

அவர் திரும்பிப் போய் அதையும் எழுதி வைத்தார். முதல் நாலு வரி தெளிவில்லை, இன்ஜினியரிடம் சொன்னேன், பயமில்லை என்றார் என்று.

4

இங்கே நூரம்பெர்கில் நான் வேலை செய்யும் கம்பெனி கணினிகளை இணைக்கும் வலையமைப்புப் பெட்டிகள் தயாரிக்கிறது. எல்லாப் பெட்டிக்குள்ளும் ஒரு கர்னல், எல்லாக் கர்னலுக்கும் ஒரு கன்சோல். காலை எட்டுக்கு டிராம், எட்டரைக்குக் காபி, பன்னிரண்டுக்கு உருளைக்கிழங்கு. மொழிபெயர்ப்பு வந்த அதே வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த கட்ரின் என்ற பெண் சோதனைக்கான மின்சுற்றுப் பலகைகளின் கர்னலில் கன்சோல் வேகத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதே ஒரு வரிதான். கோப்பைத் தொடுவதற்கு முன்னால் அவள் எழுந்து ஆறு மேசைக்கும் நடந்து போனாள். ஒவ்வொரு பலகையிலும் புது எண்ணை எழுதிய மஞ்சள் காகிதம் ஒட்டினாள். ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னாள். என்னிடமும் வந்தாள். உங்கள் திரையில் குப்பை வந்தால் பதறாதீர்கள், அணைத்துவிடாதீர்கள், வேகம் மட்டும்தான் மாறியிருக்கிறது என்றாள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேருக்கும் சேர்த்து நாலு நிமிடம் ஆனது. அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் பெரிய மகான் ஒன்றும் இல்லை. நம் ஊரில் தெருவில் குழி தோண்டினால் குறுக்கே ஒரு செடியைப் பிடுங்கிப் போடுவார்களே, அந்த அளவு மரியாதைதான் அது. அந்த அளவுகூட என்னிடம் இருந்ததில்லை.

5

நான் எண்ணை மாற்றி மூன்று வாரம் கழித்து ஆம்பூரில் சூறைக்காற்றோடு பேய்மழை அடித்தது. சாயங்காலமே போன மின்சாரம் விடிந்துதான் வந்தது. பேட்டரியெல்லாம் வற்றி டெர்மினல் அணைந்துபோயிருந்தது. மின்சாரம் வந்து அது விழித்துக்கொண்டபோது அதன் நினைவில் இருந்தது பழைய ஒன்பதாயிரத்து அறுநூறு.

நான் பள்ளிகொண்டாவில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அற்புதண்ணன் ஏழு மணிக்கு வந்து, கையை வைத்து ஜெபம் பண்ணி, சுவிட்சைப் போட்டார். இந்த முறை முதல் நாலு வரி அழகாக வந்தது. அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும். அதற்கப்புறம் கர்னல் பேச ஆரம்பித்ததும் திரை முழுக்கக் குப்பை. நன்றாக ஆரம்பித்து நடுவில் வெறி பிடித்த மாதிரி. இடி விழுந்து கெட்டுவிட்டது என்று நினைத்தார். வேறு என்ன நினைப்பார்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்தினார். அப்போது உள்ளே டிஸ்க் முழுவதும் திறந்து கிடந்தது.

இரண்டாம் முறை கணினி எழுந்ததும் காயத்தைச் சரிபார்க்கத் தொடங்கியது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டிருந்தால் தானாகத் தேறியிருக்கும். மற்ற எட்டு டெர்மினலும் எப்போதும்போல உயிர் பெற்றிருக்கும். திரையில் தெரிந்ததோ அதே குப்பை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தபோதே நாலு முறை கழுத்தைத் திருகியதுபோல ஆயிற்று. நான் ஒன்பது மணிக்கு வந்தபோது அவர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நோட்டில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். ஏழு பத்து, எழுத்து குழம்பியது, ரீசெட் செய்தேன். ஏழு பதினெட்டு, மறுபடி ரீசெட் செய்தேன். இப்படி நாலு வரி. ஒவ்வொன்றுக்கும் கீழே முழுப் பெயரும் ஒப்பமும்.

திரையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

டேப்பில் இருந்த நகல் ஒரு வாரம் பழையது. அதற்குப் பின் பதிந்த தோல் தரப் பட்டியல், பேக்கிங் பட்டியல் எல்லாம் போய்விட்டன. ஹாலில் முப்பது பேர் பெட்டிகளைத் திரும்பப் பிரித்து எண்ணி எழுதினார்கள். துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. நான் மூன்று நாள் அறையை விட்டு வெளியே வராமல் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். புதுக் கர்னலைக் கட்டும்போது அந்த ஒரு வரியைத் திரும்ப ஒன்பதாயிரத்து அறுநூறு ஆக்கினேன். எழுத்துப் பிழைகூட வரவில்லை. அற்புதண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வாங்கி வந்தார்.

6

விசாரணை நாலாம் நாள் மேனேஜர் அறையில் நடந்தது. மேனேஜருக்குக் கணினி தெரியாது. அவர் என்னைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கேட்டார். ஏன் எழுத்து குழம்பியது என்றார். மின்சாரம் ஏறி இறங்கியதில் ஆகியிருக்கும் என்றேன். அணைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். தானாகச் சரியாகியிருக்கும் என்றேன். இரண்டாவது பதில் நூற்றுக்கு நூறு உண்மை, முதல் பதிலை அந்த உண்மைதான் காப்பாற்றியது.

நோட்டை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் அந்த நாலு வரியையும் நிறுத்தி, தெளிவாக, ஒப்பம் உட்படப் படித்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பவில்லை. இன்ஜினியரிடம் சொன்னேன் என்று அவர் எழுதிய பக்கம் என் கட்டைவிரலுக்கடியில் இருந்தது. அற்புதண்ணன் எதிரில் நின்று, தான் எழுதியதை வேறு யாரோ எழுதியதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டே எழுதாத மனுஷனாக இருந்தால் யாராலும் எதையும் நிரூபித்திருக்க முடியாது. இடி விழுந்தது என்று கதையை முடித்திருப்பார்கள்.

ஏதாவது சொல்றீங்களா என்று மேனேஜர் கேட்டார். நாலு தடவ அமுக்கினேன் சார், அது உண்மைதான் என்றார் அவர். மூன்று வாரம் முன்பு திரையில் நாலு வரி குழம்பியதை அவர் நினைத்துக்கொண்டாரா, எனக்காக மறைத்தாரா, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே தெரியவில்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவும் இல்லை.

அன்று சாயங்காலமே அவருக்கு வேலை போனது. எனக்குச் சான்றிதழ் வந்தது. ஆம்பூரில் தொழிற்சாலைகள்தான் பல, பேச்சு ஒன்று. மிஷினை நாசம் பண்ணின ஆள் என்று ஒரு வாரத்துக்குள் எல்லா கேட்டிலும் தெரிந்துவிட்டது. வேறு எந்தக் கணினி அறையிலும் அவரை உள்ளே விடவில்லை. வீட்டில் பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி கிரேஸ் அண்ணி ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் சேர்ந்தார். விடிந்தும் விடியாமல் கம்பெனி பஸ். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். பெங்களூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்பதுதான் அப்போது எனக்கிருந்த கவலை.

7

ஆதிரையின் கேள்வி என்னை விடவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போனேன். அவள் வரமாட்டேன் என்றாள், அங்கே இன்டர்நெட் மெதுவாக இருக்கிறதாம். என் மனைவி, பதினோரு வருடம் கழித்து இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்றாள். எனக்கு லாபம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலூரிலிருந்து டாக்சி எடுத்துக்கொண்டு மாதனூர்ப் பக்கம் அவர் வீட்டைத் தேடிப் போனபோது மாலை ஐந்தரை. அற்புதண்ணன் அரிசி களைந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். ஃபாரின்லருந்து நம்மள தேடி வந்திருக்குது பாரு என்று யாரும் இல்லாத வீட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது.

ஒரு மாவு மில்லில் வேலை செய்கிறாராம். மூட்டை தூக்குவது, மாவு அள்ளுவது. மோட்டார் போடுவது வேறு ஆள். இருட்டிக்கொண்டு வந்தும் அவர் விளக்குப் போடவில்லை. நான் சுவிட்சைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, அண்ணி வந்து போடுவா, நான் எதையும் தொடுறதில்ல என்றார் சாதாரணமாக. மிக்சி, டி.வி., ஃபேன் எதையும் தொடக்கூடாது. ஒருமுறை ஃபியூஸ் போனதற்கு, உங்க கை பட்டா எதுதான் வெளங்குச்சு என்று அண்ணி பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டாராம். அதிலிருந்து அப்படியே வழக்கமாகிவிட்டது.

நான் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணை மாற்றியது, சேமிக்காமல் போனது, அவர் கேட்டபோது விரட்டியது, திரும்ப மாற்றி மறைத்தது, பக்கத்தைத் திருப்பாமல் படித்தது. ஒன்றையும் விடவில்லை. அவர் கோபப்படுவார், அடிப்பார், அழுவார் என்று விதவிதமாக யோசித்து வைத்திருந்தேன். அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்போ மிஷின் நல்லாத்தான் இருந்துச்சா என்று. நல்லாத்தான் இருந்தது என்றேன். அவர் அரிசிப் பாத்திரத்தை இழுத்து மறுபடி இரண்டு முறை களைந்தார். பிறகு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை முழுக்க அரிசித் தண்ணீரும் சில்லிப்பும்.

“எனக்கு எதுவும் வேணாம் தம்பி. ஊருல எவன் இன்னா பேசினா இன்னா. ஆறரைக்கு பஸ் வரும். அவகிட்ட மட்டும் நீ வாயால சொல்லிட்டுப் போ. நான் சொன்னா நம்பமாட்டா.”

பஸ் வரும்வரை அவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனின் முகம் அவருக்கு. சட்டைகூட மாற்றிக்கொண்டார்.

8

பஸ் வந்தது. கிரேஸ் அண்ணி டிபன் பையோடு உள்ளே வந்து, முதலில் விளக்கைப் போட்டுவிட்டு, பிறகுதான் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. அற்புதண்ணன் சொன்னதும், ஓ, மிஷின சரிபண்ணுன இன்ஜினியரா, வாங்க தம்பி என்றார். பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கணுக்காலை அமுக்கிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார். வேகம் என்றால் என்ன என்று கேட்டார். ஒருத்தர் வேகமாகப் பேசி, கேட்கிறவர் மெதுவாகக் கேட்டால் எல்லாம் குழம்பும் இல்லையா, அந்த மாதிரி என்றேன். நான் மாற்றிவிட்டு அண்ணனிடம் சொல்லவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அற்புதண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு ஆச்சரியமே இல்லை. அவர் நிதானமாகப் பேசினார்.

“எங்க லைன்லயும் இதேதான் தம்பி. மிஷின் வேகத்த ஏத்தி வெச்சிட்டு சூப்பர்வைசர் போய்டுவான், சொல்லமாட்டான். தையல் கோணிக்கினு போனா யாரு பேர எழுதுவாங்க? என் பேரத்தான். ஏன்னா பெடல்ல இருந்தது என் கால். பதினோரு வருசமா எத்தன வாட்டி எழுதியிருக்காங்க, நான் யாரையும் கைகாட்டினதில்ல.” கணுக்காலை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “நீங்க படிச்சவரு, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு அந்த பட்டன அமுக்கினது யாரு கை?”

எனக்கு வேலையில் ஒரு நல்ல பெயர் உண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான பதில் சொல்பவன் என்று.

“அண்ணன் கைதான் அண்ணி. ஆனா...”

“அவ்ளோதான் தம்பி” என்று அண்ணி எழுந்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. குடும்பத்துல பேரக் காப்பாத்த இவரு ஏதோ கேட்டிருப்பாரு, நீங்களும் பெரிய மனசு பண்ணி வந்திருக்கீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனார். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

அந்த வாக்கியத்தில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. ஆனா அந்த இடத்துல யாரா இருந்தாலும் அமுக்கியிருப்பாங்க. ஆனா அமுக்கக்கூடாதுன்னு சொல்ல வேண்டியவன் நான். ஆனா நானாக இருந்தாலும் அமுக்கியிருப்பேன். அடுப்படி நாலே அடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய் வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். எனக்குள் அப்போது என்ன ஓடியது தெரியுமா? சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவர்களே ஏற்றுக்கொள்ளவில்லை, இனி என்மேல் ஒன்றும் இல்லை என்று ஒரு நிம்மதி. கேவலமான நிம்மதிதான், ஆனாலும் நன்றாக இருந்தது. காபியைச் சூடு ஆறுவதற்குள் குடித்தேன்.

அற்புதண்ணன் கார்வரை வந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். அவர் ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துக் குனிந்தார்.

“‘ஆனா’ன்னு ஒண்ணு ஆரம்பிச்சியே தம்பி. அத மட்டும் உள்ள வந்து முடிச்சிட்டுப் போய்டேன்.”

ஃப்ளைட்டுக்கு நேரமாயிடுச்சுண்ணே என்றேன். அவர் உடனே விரலை எடுத்துக்கொண்டார். ஐயோ, போய்ட்டு வாங்க போய்ட்டு வாங்க என்று பின்னால் நகர்ந்து, வண்டி திரும்ப வழி விட்டார்.

என் விமானம் மறுநாள் சாயங்காலம்தான்.